ஊருக்குப் போய் என்ன செய்கிறோம்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் இப்பவே கடிகாரத்தைக் காட்டுகிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அவர்களை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சீனாவில் சட்டமே இருக்கிறது. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு வாங்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை என்று அதில் உச்சவரம்பு வைத்தார்கள். பணத்துக்கு உத்தரவு போடலாம், வருகைக்கும் போடலாம். வந்த பிள்ளை உட்கார்ந்து பேசினானா என்று எந்தச் சட்டம் கேட்கும்?

நாமும் ஊருக்குப் போகிறோம். குளித்து, இட்லி சாப்பிட்டு, ‘மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?’ என்று ஒரு கேள்வி. அப்புறம் கையில் செல்போன். மறுநாள் ராத்திரி ரயில். வாசல்வரை வந்து அம்மா சொல்வார்கள்: ‘அடுத்த தடவை ரெண்டு நாள் சேத்து இருப்பா.’ இருந்தால் மட்டும் என்ன செய்வோம்?

மத்திய அரசில் ஓய்வு பெற்றவர்கள் நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அப்பாவை வங்கிக்கு அழைத்துப் போவோம். வரிசையில் அவருடைய பழைய ஆபீஸ் சகாக்கள் நாலு பேர் நிற்பார்கள். ‘இவன்தான் பெரியவன்’ என்று நம்மைக் காட்டுவார். திரும்பும்போது ஒரு காபி. 2014இல் ‘ஜீவன் பிரமாண்’ வந்தது; இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே வேலை முடிகிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சமான அந்தக் காலைப் பொழுதை யாருக்குக் கொடுத்தோம்?

எதிரே உட்கார்ந்து ‘ஏதாவது சொல்லுங்க’ என்றால் பெரியவர்களுக்குப் பேச்சு வராது. கூட ஒரு வேலை செய்யுங்கள். சின்ன வெங்காயம் உரித்துப் பாருங்கள், அத்தை கல்யாணத்தில் நடந்த சண்டை தானே வெளியே வரும்!

மாணவர்களே, அடுத்த லீவில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய போட்டோக்களை எடுங்கள். பாதி முகங்களின் பெயர் அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். கேட்டுப் பின்பக்கம் லேசாகப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பத்துப் படம் தாண்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். நடுவில் ‘இது யார்’ என்று அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவார்கள். குறுக்கே போகாதீர்கள்.