பெயர் எழுதாத உறுதி



இந்த மண்டபத்து வாசலில் நின்று மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஓர் அண்ணர் வந்து கையைப் பிடித்தார். "தம்பி, இண்டைக்கு இஞ்சை காணி ஏலம் விடுகினமாமே, எந்தப் பக்கம்?" என்றார். "காணி இல்லை அண்ணை, படங்கள்தான் ஏலம். வாற காசிலை காணியைக் காப்பாத்தப் போகினம்" என்றேன். "ஆற்றை காணி?" "ஒருத்தற்றையும் இல்லை." அண்ணர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தற்றையும் இல்லாத காணிக்கு நான் ஏன் காசு குடுக்க வேணும்?"

ஏற்பாட்டாளர்கள் எனக்குத் தந்த தலைப்பு வேறு. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு அண்ணரின் கேள்விதான் என் தலைப்பு. அவர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். எழும்பிப் போகமாட்டார் என்று நம்புகிறேன்.

காணி பற்றி எங்களுக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டதற்காக மூன்று தலைமுறை முகம் பார்க்காமல் இருந்த குடும்பங்கள் எத்தனை! காணி வழக்கில் வென்றவர், வென்ற காணியை விற்று அப்புக்காத்துக்குக் காசு கட்டிய கதைகள் எத்தனை! என் அப்பாவும் பக்கத்து வளவுக்காரரும் ஒரு பூவரசு வேலிக்காகப் பதினொரு வருடம் கதைக்காமல் இருந்தார்கள். 1990இல் போரினால் வலிகாமம் வடக்கை விட்டு இரண்டு குடும்பமும் ஒரே இரவில் வெளிக்கிட்டோம். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழிந்தபின் போய்ப் பார்த்தேன். கிணறு இருந்தது. வேலி எங்கே ஓடியது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வளவுக்காரரின் மகனும் வந்திருந்தான். நானும் அவனும் பற்றைக்குள் நின்று, எந்தப் பக்கம் யாருடையது என்று ஒருவரை ஒருவர் கேட்டோம். கையில் காணி உறுதி இருந்தது. அந்த வளவு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் இருவரிடமும் இருக்கவில்லை.

அதனால்தான் படம் வரைகிறவர்கள்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.  இன்று நாங்கள் கூடியிருக்கும் ஸ்காபரோவிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த ஊருக்குப் பெயர் வைத்தவரும் படம் வரைகிறவர்தான். எலிசபெத் சிம்கோ, மேல் கனடாவின் முதல் துணை ஆளுநரின் மனைவி. கணவர் அளவுகோலோடு நாட்டைப் பார்த்தார், அந்த அம்மா நீர்வண்ணத் தூரிகையோடு பார்த்தார். 1793இல் படகிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்கரையின் செங்குத்து மண்மலைகளைக் கண்டபோது, இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் இருக்கும் ஸ்காபரோ கடற்கரை அவருக்கு ஞாபகம் வந்தது. ஊரை விட்டு வந்தவர் புது ஊரில் பழைய ஊரைக் கண்டார். எங்களுக்குப் பழக்கமான வியாதிதான். ஆனால் அவர் வருவதற்கு முன்னமே, 17ஆம் நூற்றாண்டில், இங்கே ரூஜ் ஆற்றங்கரையில் செனெக்கா முதற்குடி மக்களின் ஊர் இருந்தது. பெயர் வைத்தவர்களுக்கு முன்னர் பெயர் வைத்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் இந்த நிலம் யாருடையது என்று ஒரு தாளைப் பார்த்து வாசித்துவிட்டு நேரே தேநீருக்குப் போய்விடுகிறோம். காணியை இழந்த சனம் நாங்கள். அந்தத் தாளை இன்னும் கொஞ்சம் ஆறுதலாக வாசிக்கலாம்.

அந்த மண்மலைகளை, ப்ளஃப்ஸை, உங்களில் பலர் கலியாணப் படம் எடுக்கும் இடமாக மட்டும் அறிவீர்கள். ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளம். பனிக்கட்டிக் காலம் விட்டுப்போன மணலும் களியும். கீழே ஏரி அரிக்கிறது, மேலே மழை கரைக்கிறது. அதன் விளிம்பில் 1939ஆம் ஆண்டு, முப்பது வயதைத் தொடாத ஒரு சித்திர ரீச்சர் 1,250 டொலருக்குக் காணி வாங்கினார். அவர் டொரிஸ் மக்கார்த்தி. நகரத்துக்கு வெளியே, காட்டுக்குள், தனியாக ஒரு பெண். தாய்க்குக் கோபம், 'முட்டாளின் சொர்க்கம்' என்று நக்கலடித்தார். மகள் அந்த நக்கலையே வீட்டுக்குப் பெயராக வைத்தார். ஃபூல்ஸ் பாரடைஸ். இன்றும் அந்த வீட்டுக்கு அதுதான் பெயர்.

1932இலிருந்து 1972 வரை நாற்பது வருடம் ரொறன்ரோ சென்ட்ரல் டெக்னிக்கல் பாடசாலையில் படிப்பித்தார். விடுமுறை வந்தால் தூரிகையும் கையுமாக நாடு முழுக்க அலைந்தார், ஓய்வுபெற்றதும் ஆர்க்டிக் பனிப்பாறைகள் வரை போனார். ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தின் முதல் பெண் தலைவர் அவர்தான். இங்கேயுள்ள ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்த வளாகத்தில் அவரும் படித்தார். இலக்கியத்தில் பட்டம் வாங்கியபோது வருடம் 1989, வயது எழுபத்தொன்பது. வளாகத்தின் ஓவியக் கூடத்துக்கு அவருடைய பெயர். எங்கள் பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் பார்க்கிங்குக்கு ஓடுகிறார்கள்.

1986இல் தன் வளவை ஒட்டிய பள்ளத்தாக்குக் காணியை இந்தப் பிரதேசத்தின் நிலப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் கையளித்தார். 1998இல் வீட்டையும் மிச்சக் காணியையும் ஒன்ராறியோ மரபுரிமை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். 2010இல், நூறு வயதில் காலமானார். பெல்லமி பள்ளத்தாக்கின் வழியே ஏரிக்கு இறங்கும் பாதைக்கு அவருடைய பெயர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா நடந்து பாருங்கள்.

அவர் கொடுத்தது பெரிதுதான். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்திய அரை நூற்றாண்டு. சுற்றிவர ஒவ்வொரு வளவாகத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ரீச்சர் சம்பளக்காரி விற்காமல் இருந்தாரே, அது. அந்த மலை விளிம்பில் இன்றைக்கு ஒரு வீடு என்ன விலை போகும் என்று இந்த மண்டபத்தில் இருக்கும் வீட்டு முகவர்களைக் கேளுங்கள். தமிழ்க் கூட்டம் ஒன்றில் குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களே விலையைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

"அவவிட்டைக் காணி இருந்தது, குடுத்தா. எங்களிட்டை என்ன இருக்கு?" என்று யாரும் கேட்கலாம். காணி இல்லாவிட்டால் படம் இருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த பீற்றர் முயலை வரைந்த பியாட்ரிக்ஸ் பொட்டர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இருந்தவர். 1927இல் விண்டமியர் ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம் கட்டடத்துக்குப் போகவிருந்தது. அதை மீட்க அந்த அம்மா ஐம்பது படங்களில் கையெழுத்துப் போட்டு பொஸ்டன் நகரத்துச் சிறுவர் இலக்கியச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார். படம் ஒன்று ஒரு கினி, அதாவது 21 சில்லிங். அந்த ஏரியைக் கண்ணாலும் காணாத அமெரிக்கத் தாய்மார் வாங்கினார்கள். இன்று இந்த மேசையில் நாங்கள் செய்யப்போவதும் அதேதான். 1943இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நாட்டின் பொது அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். முயல் வாங்கிக் கொடுத்த காணி!

படமும் வேண்டாம், ஒரு கடிதமே போதும் என்று காட்டியவர் ஏ. வை. ஜாக்சன். கனடாவின் 'குரூப் ஒஃப் செவன்' ஓவியர் குழுவில் ஒருவர். 1931இல் ஜோர்ஜியன் குடாவுக்கு வடக்கே, கில்லார்னியில் ட்ரவுட் லேக் என்ற ஏரியை வரையப் போனார். வெள்ளைக் குவார்ட்சைட் பாறை மலைகள், நடுவில் ஏரி. கரையிலுள்ள பைன் மரங்களை வெட்ட மரக் கொம்பனி ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டார். ஒன்ராறியோ ஓவியர் சங்கத்துக்குச் சொன்னார், காட்டுத்துறை அமைச்சருக்கு எழுதினார். மரங்கள் தப்பின. அந்த ஏரிக்கு இன்று ஓவியர் சங்கத்தின் பெயர்தான்: ஓ.எஸ்.ஏ. லேக். பிறகு 1964இல் அந்தப் பகுதி மாகாணப் பூங்காவானது.

மேடைப் பேச்சாளர்கள் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டு வாங்குவார்கள். நான் நிறுத்தப் போவதில்லை. ஏனென்றால் கோடரியிலிருந்து தப்பிய அந்த ஏரி மழையிலிருந்து தப்பவில்லை. சட்பரி நகரத்து உலோக உலைகளின் கந்தகப் புகை காற்றில் வந்து அமில மழையாகக் கில்லார்னியில் இறங்கியது. ஏரிகளில் மீன் செத்தது. தண்ணீரோ முன்னையைவிடத் தெளிவாகி, அடித்தளம் தெரிய நீலமாய் மின்னியது. பார்க்கிறவர்கள் 'என்ன வடிவு' என்றார்கள். உயிர் போனதால் வந்த வடிவு அது. படம் பிடிக்க அருமையான ஏரி, மீன் பிடிக்க முடியாத ஏரி. பிறகு உலைகளின் புகையைச் சட்டம் போட்டுக் குறைத்த பின்னர்தான் அந்த ஏரிகள் மெதுமெதுவாகத் தேறத் தொடங்கின. ஆகவே இன்று வாங்கும் படத்தை வரவேற்பறையில் மாட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வேலி போட்டால் காணி காக்கப்படும் என்பது எங்கள் அப்பாமாரின் நம்பிக்கை. காற்றுக்குக் கதியால் போட முடியாது.

உறுதியும் போதாது. பக்கத்தில் பிக்கரிங்கில் நடந்ததைப் பாருங்கள். ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவை ஒட்டி அருமையான விவசாய நிலம் இருக்கிறது. உறுதியிலேயே விவசாயத்துக்கு மட்டும் என்று கட்டுப்பாடு, அதற்குத் தனிச் சட்டம், மேலே பசுமை வளையப் பாதுகாப்பு. மூன்று பூட்டு! 2022 டிசம்பரில் மாகாண அரசு பசுமை வளையத்திலிருந்து ஏறத்தாழ 7,400 ஏக்கரை எடுத்தது. அதில் ஆகப் பெரிய துண்டு இந்தப் பிக்கரிங் நிலம். தனிச் சட்டத்தையும் நீக்கினார்கள். சனம் விடவில்லை. விவசாயிகள், மாணவர்கள், பத்திரிகைக்காரர், வீட்டுக்கு முன்னால் மட்டை நட்டு வைத்த சாதாரண ஆட்கள். 2023 செப்டெம்பரில் முதல்வர் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திருப்பினார். நிலத்தைக் கடைசியில் காத்தது சனத்தின் சத்தம். சத்தம் போடுவதற்கும் காசு வேண்டும்: நிலத்தை அளக்க, வழக்கறிஞருக்குக் கொடுக்க, வருடா வருடம் போய்ப் பார்க்க, அந்நியக் கொடிகளைப் பிடுங்க. இன்று சேரும் காசு போகும் இடங்கள் இவை. கவர்ச்சியான செலவு ஒன்றும் இல்லை.

இனி அண்ணரின் கேள்விக்கு வருகிறேன். ஏன் காசு கொடுக்க வேண்டும்?

1954 ஒக்டோபர் 15. ஹேசல் புயல். ஒரே இரவில் ஒன்ராறியோவில் 81 பேர் செத்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரு தெருவில் மட்டும் 35 பேர். ஆறு பெருகும் இடத்தில் வீடு கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த நகரம் பள்ளத்தாக்குகளை வாங்கி, வீடு கட்டாமல், மரத்துக்கும் தண்ணீருக்கும் விட்டது. நீங்கள் நாய் கூட்டிக்கொண்டு நடக்கும் பள்ளத்தாக்கு அப்படி வந்தது. அது யாருடைய பெயரிலும் இல்லாததால்தான், அண்ணை, உங்களுடைய நிலவறை வெள்ளத்தில் மிதக்காமல் இருக்கிறது. அங்கே வாடகைக்கு இருக்கிற பெடியனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படம் தந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் ஓவியரிடம் போய் 'சும்மா ஒண்டு தாங்கோ' என்று கேட்பது எங்கள் வழக்கம். மண்டபத்துக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, ஒலிபெருக்கிக்குக் காசு. ஓவியருக்கு மட்டும் பொன்னாடை. இங்கே அப்படி இல்லை. விற்ற விலையில் பாதி ஓவியருக்கு, பாதி நிலத்துக்கு. இதைச் சிலர் குறை சொன்னார்களாம். நான் இதைத்தான் சரி என்பேன். பட்டினி கிடந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவராலும் முடியாது. மாசி மாதக் குளிரில் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, தண்ணீர் உறையாமல் இருக்க வர்ணத்தில் வொட்கா கலந்து வரைந்தவர்கள் இந்தச் சுவரோரம் நிற்கிறார்கள். ஒரு படத்துக்காக ஒரே மரத்தின் முன்னால் நாலு நாள் இருந்தவர்களுக்கு, அந்த மரம் அடுத்த வருடம் இல்லாவிட்டால் முதலில் தெரியும். இந்த ஊரின் காவற்காரர் அவர்கள்தான்.

நான் நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று தலைவர் கடதாசி அனுப்பியிருக்கிறார். சுருக்கமாக இரண்டு வேண்டுகோள். ஒன்று, பேரம் பேசாதீர்கள். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுவதை இங்கே பேசினால் ஓவியர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம். இரண்டு, படத்தை வாங்கியவர்கள் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் இருந்து வரைந்தது என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். படமும் இடமும் ஒத்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தரம் பாருங்கள். ஒத்திருக்காவிட்டால் எங்களுக்குத் தொலைபேசி எடுங்கள்.

முதல் படம் மேசைக்கு வருகிறது. பெல்லமி பள்ளத்தாக்கு, இலையுதிர்காலம், நீர்வண்ணம். தொடக்க விலை 150 டொலர். அண்ணை, கையைத் தூக்குங்கோ.