இடம் மாறும் இல்லம், இடம் மாறா அறம்

 

வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து சமணக் குடும்பங்கள் பணியின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் சென்னைக்குக் குடிபெயர்வது பல்லாண்டு வழக்கம். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் எண்ணிப் பெற்றோர் கவல்வர். குழந்தை எதனை இழந்து வருகிறது என்று எண்ணுவோர் சிலரே.

வந்தவாசிப் பக்கத்து ஊரில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி, பாட்டியுடன் நாள்தோறும் ஜினாலயம் சென்று அருகன் திருமுன் அரிசியால் சுவஸ்திகம் இடுவாள். தந்தைக்குப் பணிமாற்றம் வந்தது. புறப்பட்ட நாளில் அவள் அழவில்லை, அனைவரும் பாராட்டினர். சென்னையில் பெற்றோர் இருவரும் இருட்டிய பின்னரே வீடு திரும்பினர். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் தானே நழுவியது. ஒருநாள் இரவு அவள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: “விளக்கு வைத்த பிறகு நாம் சாப்பிட மாட்டோமே, அம்மா! இது நம் வீடுதானா?”

தாயிடம் விடையில்லை. மறுநாள் முதல், பள்ளி விட்டு வந்ததும் மகள் உண்ணுமாறு காலையிலேயே உணவு சமைத்து வைத்தார். விடுமுறை நாள்களில் மூவரும் கதிரவன் மறையுமுன் ஒன்றாக உண்டனர். மாலைதோறும் தொலைபேசியில் பாட்டியோடு பஞ்ச நமஸ்காரம் ஓதினாள். ஒரு தட்டில் அரிசி பரப்பிச் சுவஸ்திகம் இட்டாள். நான்கு கைகள் நாற்கதி, மூன்று புள்ளிகள் மும்மணி, மேலுள்ள பிறை சித்தர் உறையும் இடம் எனத் தந்தை விளக்கினார்.

10 நாள் தசலட்சண பர்வம் வந்தது. அதன் முதல் நாளுக்குரிய அறம் உத்தம பொறை. நிறைவில் ஒருவரையொருவர் பொறுத்தருளக் கேட்பது மரபு. ஊரில் பிணக்கோடு பிரிந்த தோழியை அழைத்து, “பொறுத்துக்கொள்” என்றாள் சிறுமி. அதன்பின் தந்தை அவள்முன் கைகூப்பி, “உன்னை ஒரு சொல்லும் கேளாமல் அழைத்து வந்துவிட்டோம், பொறுத்துக்கொள், அம்மா” என்றார். ஊரை விட்டு வந்தபின் அன்றுதான் அவள் முதன்முறையாக அழுதாள்.

அவ்வழுகை முன்பே வந்திருக்க வேண்டியது. ஆதலால் குடிபெயரும் பெற்றோர், புறப்படுமுன்னரே குழந்தையை ஜினாலயத்திடமும் தோழரிடமும் விடைபெறச் செய்தல் வேண்டும். திகம்பர முனிவர் மழைக்கால நான்கு திங்கள் தவிர ஓரிடத்தில் நிலைத்துத் தங்கார். மயிற்பீலியும் கமண்டலமும் ஏந்தி நடப்பர். அதைச் சொல்லி, “நீ எதை எடுத்து வரப்போகிறாய்?” என்று குழந்தையிடம் கேட்கலாம். புது வீட்டில் பாத்திரங்களை அடுக்குமுன் முதற்பிடி அரிசியை அதன் கையில் கொடுக்கலாம். ஆயின் எதனையும் கட்டாயமாக்குதல் கூடாது. கட்டாயமாக்கினால் அதுவும் மற்றுமொரு வீட்டுப்பாடமாகிவிடும்.

அச்சிறுமிக்கு ஊர் நினைவு நீங்கவில்லை, நீங்க வேண்டுவதுமில்லை. ஆனால், “இது நம் வீடுதானா?” என்று அவள் மீண்டும் கேட்கவில்லை.

வாழ்க ஜினதருமம்!