மாற்றத்தில் தொழிலாளியின் இடம்

(தொழிற்சங்க முன்னணி ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நிர்வாகங்கள் இன்று ‘ஊழியர் பங்கேற்பு’ என்ற சொல்லை ஓயாமல் உச்சரிக்கின்றன. யோசனைப் பெட்டி, தர வட்டம், கலந்துரையாடல் கூட்டம் என அதற்குப் பல வடிவங்கள். வேலைமுறையை மாற்றுமுன் தொழிலாளியைக் கேட்பது அவசியமே. வேலை எங்கே தடைப்படுகிறது, விபத்து எங்கே காத்திருக்கிறது என்பதை அவரைவிட அறிந்தவர் எவருமில்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் அழைக்கிறார்களா, எடுத்த முடிவுக்குத் தலையாட்ட அழைக்கிறார்களா என்பதே நமது கேள்வி.

வங்கத்தின் நார்த்புரூக் சணல் கம்பெனி வழக்கு இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1957இல் அந்நிர்வாகம் சீரமைப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தொழில் தகராறு சட்டப்படி அமைந்த இருதரப்பு ஒர்க்ஸ் கமிட்டி அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டது. தகராறு தீர்ப்பாயத்தின் முன் நிலுவையில் இருக்கும்போதே திட்டம் அமலாக்கப்பட்டது. கூடுதல் வேலையைச் செய்யத் தொழிலாளர் மறுத்தனர், நிர்வாகம் கதவடைத்தது. 1960இல் உச்சநீதிமன்றம் தொழிலாளர் பக்கமே தீர்ப்பளித்தது. அன்றாட உரசல்களைத் தீர்ப்பதே ஒர்க்ஸ் கமிட்டியின் பணி. வேலை நிலைமைகளில் அடிப்படை மாற்றத்திற்குத் தொழிலாளர் சார்பில் ஒப்புதல் தரும் அதிகாரம் அதற்கில்லை என்று கூறியது. கமிட்டியில் ஒரு நாற்காலி கிடைப்பது வேறு, தொழிலாளரின் சம்மதம் வேறு என்பதே இதன் பொருள்.

1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 43ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஆனால் அது நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டும் நெறி. அதற்கு உயிர் கொடுக்க 1990இல் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவே இல்லை.

வங்கித் துறையைப் பாருங்கள். கணினி வந்தபோது நிர்வாகம் தன் விருப்பப்படி அதை நுழைத்துவிட முடியவில்லை. 1983 செப்டம்பரில் சங்கங்களுடன் உடன்பாடு கண்ட பிறகே இயந்திரமயம் முன்சென்றது. அந்த உடன்பாடு குறித்து நமது இயக்கத்திற்குள்ளேயே மாறுபட்ட கருத்துகள் இருந்தன. ஆயினும் மாற்றம் பேரப் பேச்சுக்குரிய பொருளாக இருந்தது. 2019 ஆகஸ்ட் 30 அன்றோ, பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்படும் என்ற முடிவை நிதியமைச்சர் அறிவித்தார். லட்சக்கணக்கான ஊழியரின் பணியிடமும் வேலைமுறையும் அதில் அடங்கியிருந்தன. இயக்குநர் குழுவில் ஊழியர் பிரதிநிதிக்கு இடமளிக்கும் 1970ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. பல வங்கிகளில் அந்த இடங்களோ ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் ஒர்க்ஸ் கமிட்டி உண்டு. வேலை நிலைமைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பும் உண்டு. ஆனால் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தப்பட்டுள்ளது. எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்திற்கு முன்னறிவிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பேசுவதற்கு மேசை இருக்கிறது. மேசையில் நமது சொல்லுக்குக் கனம் தரும் ஆயுதம் மழுங்கடிக்கப்படுகிறது.

எனவே நமது கடமைகள் மூன்று. மாற்ற அறிவிப்பு வந்தவுடன், அதனால் யாருடைய வேலைப்பளு கூடுகிறது, யாருடைய வேலை போகிறது என்பதைப் பிரிவுவாரியாகத் தொழிலாளரிடமே கேட்டுத் தொகுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் அந்தக் கூட்டங்களில் அமர்த்த வேண்டும். மாற்றத்தின் முதல் அடி விழுவது அவர்கள் மீதே. கமிட்டிகளில் உள்ள நமது பிரதிநிதிகள் பொதுக்குழுவின் முடிவின்றி எதிலும் கையொப்பமிடக் கூடாது.

நாம் இயந்திரத்தின் எதிரிகள் அல்லர். வேலை எளிதானால் வேலைநேரம் குறையட்டும், ஊதியம் உயரட்டும் என்பதே நமது கோரிக்கை. அதை ஏற்காத எந்தப் பங்கேற்பும், நம் கையாலேயே நம்மை வெளியேற்றும் ஏற்பாடுதான்.