வணிகர்க்கு மின்னணு விலைப்பட்டியல்
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் வரிச் சட்டம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இராயபுரத்தில் இரும்புக் கடை, திருவொற்றியூரில் லேத் பட்டறை, எண்ணூரில் பாரந்தூக்கி வாடகை, துறைமுகத்தில் சுங்க முகவர் பணி என்று தொழில் நடத்துவோர் இந்நாளில் கேட்கும் கேள்வி ஒன்றே: 'எங்களுக்கு இ-இன்வாய்ஸ் உண்டா, இல்லையா?'

2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு இம்முறை தொடங்கியது. எல்லை 100, 50, 20, 10 கோடி எனத் தாழ்ந்து, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடியில் நிற்கிறது. 'சென்ற ஆண்டு நான்கு கோடிதான். ஆகவே நமக்கில்லை' என்று ஒருவர் நிம்மதி கொள்வது தவறு. சட்டம் சென்ற ஆண்டை மட்டும் பார்ப்பதில்லை. 2017-18 முதல் கடந்துபோன எந்த ஒரு நிதியாண்டிலாவது 5 கோடியைத் தாண்டியிருந்தால், பின்னர் வணிகம் சுருங்கினாலும் கடமை சுருங்குவதில்லை. அடுத்து, விற்றுமுதல் பான் எண்ணை வைத்தே கணக்கிடப்படுகிறது. தந்தையார் பெயரில் இராயபுரத்தில் ஒரு கடையும், அதே பான் எண்ணில் ஆந்திரத்தில் ஒரு கிடங்கும் இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். தம்பியின் கூட்டு நிறுவனத்திற்குத் தனிப் பான் இருந்தால் அது தனிக் கணக்கு. வரிவிலக்குப் பெற்ற சரக்கின் விற்பனையும் ஏற்றுமதியும் இக்கூட்டுத்தொகையில் அடங்கும். தானிய வணிகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, இது என்ன என்பதற்கு வருவோம். அரசின் தளம் நமக்காக விலைப்பட்டியல் எழுதித் தருவதில்லை. வழக்கம்போல் டேலியிலோ வேறு மென்பொருளிலோ நாமே எழுதுகிறோம். அதன் விவரங்கள் பதிவுத் தளத்திற்குச் சென்று, 64 எழுத்துகள் கொண்ட ஐ.ஆர்.என். என்னும் அடையாள எண்ணும், அரசின் மின் கையொப்பம் தாங்கிய கியூ.ஆர். குறியீடும் பெற்றுத் திரும்புகின்றன. கியூ.ஆர். குறியீட்டை விலைப்பட்டியலில் அச்சிட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகருக்கு விற்பது, ஏற்றுமதி, அவற்றிற்கான கடன் குறிப்பு, பற்றுக் குறிப்பு ஆகியவற்றுக்கே இது பொருந்தும். கடைக்கு வரும் பொதுமக்களுக்குத் தரும் ரசீதுக்கு இல்லை. சரக்குப் போக்குவரத்து முகமைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பாரந்தூக்கி வாடகையை அந்த விலக்கில் சேர்த்துக்கொள்ள இயலாது.

மீறினால் என்ன? தண்டம் இருக்கிறது. அதைவிடப் பெரிது, விதி 48(5): ஐ.ஆர்.என். இன்றித் தரப்பட்டது விலைப்பட்டியலாகவே கருதப்படாது. அப்படியானால் அதை வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவு கேள்விக்குள்ளாகும். மணலியின் பெரிய ஆலையோ துறைமுக ஒப்பந்ததாரரோ அத்தகைய தாளுக்குப் பணம் தரத் தயங்குவார்கள். சிறு பட்டறைக்கு இரண்டு மாத நிலுவை நின்றால் கூலிக்கே முட்டுப்பாடு. அதிகாரி வருவதற்கு முன்பே வாடிக்கையாளர் போய்விடுவார்.

தொடங்கும்போது இடறும் இடங்கள் சிறியவை. விலைப்பட்டியல் எண் 16 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். பூச்சியத்திலோ சாய்கோட்டிலோ தொடங்கலாகாது. பழைய புத்தகத்தில் 001 என்று எழுதிய பழக்கம் இங்கே செல்லாது. வாங்குவோரின் அஞ்சல் குறியீட்டெண் அவருடைய மாநிலத்தோடு பொருந்த வேண்டும். ஏற்றுமதியாளர் அயல்நாட்டு வாங்குவோருக்கு வரி எண்ணுக்குரிய இடத்தில் யு.ஆர்.பி. என்றும், மாநிலக் குறியீடு 96 என்றும், அஞ்சல் எண் 999999 என்றும் இட வேண்டும்.

பிழை நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் நீக்கலாம், திருத்த இயலாது. சரக்குக்கு இ-வே பில் எடுத்திருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். நீக்கிய எண்ணை மீண்டும் பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் கடந்தால் தளத்தில் நீக்க இயலாது; கடன் குறிப்பு ஒரு வழி. ஆகவே சனிக்கிழமை மாலை அவசரமாகப் பதிவேற்றிவிட்டுத் திங்கட்கிழமை சரிபார்க்கும் வழக்கம் வேண்டாம். 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கட்டுப்பாடு: விலைப்பட்டியல் நாளிலிருந்து 30 நாள் கடந்தால் தளம் அதை ஏற்காது.

இறுதியாக ஒரு வீட்டுச் செய்தி. பதிவுக்கும் நுழைவுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் செல்பேசிக்கு வருகிறது. பல கடைகளில் ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவாகியிருப்பது தணிக்கையாளரின் எண். அவர் ஊரில் இல்லாத நாளில் லாரி வாயிலிலேயே நிற்கும். உங்கள் எண்ணை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்; பின்னர் கணக்கெழுதும் பிள்ளைக்குத் துணைப் பயனராக அவருடைய எண்ணிலேயே தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள்.

2017-18 முதலான ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு வந்திருப்போர் உணவுக்குப் பின் பக்கத்து அறையில் என்னைக் காணலாம்.