உதவித்தொகையும் உரிமையும்



எட்டயபுரத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தும், கம்பங்கதிர் அறுத்தும், தீப்பெட்டி ஒட்டியும் வாழ்நாளைக் கழித்தவர் நம் முதியோர். பிறர் நிலத்தில் உழைத்தோர்க்கு ஓய்வூதியம் ஏது? 1962இல் அன்றைய சென்னை மாநிலம் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிற்று. அப்போது மாதம் 20 ரூபாய். 2023இல் அது 1,200 ரூபாயாயிற்று.

ஆயினும் வயது மட்டும் போதாது. ஆதரவற்றவர், வறியவர் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். பள்ளி வாசலை மிதிக்காதவர் வயதுச் சான்றுக்கு எங்கே போவார்? மகன் உண்டே என்பர். அவனோ அன்றாடக் கூலி. ஆயுள் முழுதும் உழைத்தவரை "நான் நாதியற்றவன்" என்று சொல்லவைப்பதே நிபந்தனையின் கொடுமை.

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, பொருள் வலிமைக்கேற்ப முதுமையில் உதவி பெறும் உரிமைக்கு வகைசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. ஆனால் 37ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வாயிலாக அதனை வலியுறுத்த இயலாது. ஆகவே மக்களாகிய நாமே வலியுறுத்த வேண்டும்.

இளைஞர்களே! விதிகளைக் கற்போம், தெருத்தோறும் மனு எழுதுவோம், முதியோருடன் வட்டாட்சியர் அலுவலகம் செல்வோம், நிபந்தனைகளைத் தளர்த்தக் குரல் கொடுப்போம். 25 ஆண்டுகளாய் எழுத்தறிவு ஊட்டிய சங்கத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவே.