யார் காதில் விழுகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வேலையிடத்தில் பேச்சு நாகரிகம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் திருக்குறளின் பத்தாவது அதிகாரமான 'இனியவை கூறல்' பற்றிச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நான் என் குற்றத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். ஊடகத்துறையில் டிப்ளோமா படித்தவள், பேசுவதையே தொழிலாகக் கொண்டவள் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நேரலை நிகழ்ச்சி. அரங்கில் எங்களை வழிநடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அண்ணன். எனக்குக் குறிப்பட்டைகளை அடுக்கிக் கொடுப்பவரும் அவர்தான். அன்று இரண்டு அட்டைகள் இடம் மாறிவிட்டன. நான் நேரலையில் தடுமாறினேன். விளம்பர இடைவேளை வந்தது. முகத்தில் பவுடர் ஒற்ற வந்த அக்காவிடம், "இவருக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல. இன்னும் ஏன்தான் வச்சிருக்காங்களோ" என்று முணுமுணுத்தேன்.

என் புடவைத் தலைப்பில் மைக் குத்தியிருந்தது. இடைவேளையில் நேயர்களுக்குத்தான் ஒலி போகாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்குப் போகும். அங்கே ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது. இயக்குநர் அரங்கில் உள்ளவர்களோடு பேசும் இணைப்பும் அப்போது திறந்தே இருந்தது. ஆக, நான் சொன்னது ஒரு சுற்றுச் சுற்றி, பத்தடி தூரத்தில் நின்ற அண்ணனின் காதுக்கருவிக்கே போய்ச் சேர்ந்தது. கேமராக்காரர்கள் மூவரும் கேட்டார்கள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையைத் தூக்கி வழக்கம்போல் ஐந்து, நான்கு, மூன்று என்று விரலை மடக்கினார். நானும் சிரித்துக்கொண்டே "மீண்டும் வணக்கம்" சொன்னேன்.

மறுநாளிலிருந்து என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவரை 'தங்கச்சி' என்பார்.

மைக்கில் மாட்டிக்கொண்டவள் நான் மட்டும் அல்ல. 2010 ஏப்ரல் 28-ஆம் தேதி, தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் ரோச்டேல் என்ற ஊரில் வாக்குக் கேட்கப் போனார். தன்னிடம் கேள்வி கேட்ட ஒரு மூதாட்டியிடம் நயமாகப் பேசிவிட்டுக் காரில் ஏறியதும், குறுகிய மனம் படைத்தவர் என்ற பொருளில் அவரைப் பற்றி உதவியாளரிடம் சொன்னார். சட்டையில் தொலைக்காட்சி மைக் இருந்ததை மறந்துவிட்டார். பிறகு அந்த அம்மையாரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். பிரதமர்களுக்கே இந்தக் கதி!

வேலையிடத்தில் நம்மில் பலர் பேச்சைப் பற்றி யோசிக்கும்போது, என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று மட்டும் யோசிக்கிறோம். அது யார் யார் காதில் விழும் என்று யோசிப்பதில்லை. என் அனுபவத்தில் மனக்கசப்பில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறக்கிறது.

மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 'சிசி' என்று ஒரு வரி இருக்கிறதே, அது தட்டச்சுக் காலத்துக் கார்பன் நகலின் மிச்சம். கார்பன் தாள் வைத்தால் கூட ஒரு பிரதி கிடைக்கும், அவ்வளவுதான் அதன் நோக்கம். இன்று அதை நாம் பிரம்பாகப் பயன்படுத்துகிறோம். சக ஊழியரிடம் ஓர் அறிக்கை கேட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது. எழுந்து போய்க் கேட்டால் பத்து அடி. போவதில்லை. "தயவுசெய்து" என்று போட்டு எழுதி, மேலாளருக்கும் ஒரு நகல் வைத்துவிடுகிறோம். எழுத்தில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் படிப்பவர் கண் நேராக அந்த சிசி வரிக்குத்தான் போகும்.

அடுத்து வாட்ஸ்அப், நாம் அழகாகப் 'புலனம்' என்று பெயர் வைத்திருக்கிறோமே, அது. இருபது பேர் உள்ள குழுவில் ஒருவரின் பிழையைத் திருத்துவது, இருபது பேர் நடுவில் அவரை நிற்க வைத்துத் திருத்துவதுதான். பிறகு மனம் கேட்காமல் அழித்தாலும், செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கேயே நிற்கும். பார்க்காதவர்களும் "என்ன போட்டாங்க?" என்று விசாரிப்பார்கள்.

நம் நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மலாய், சீன நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு தமிழர்கள் தமிழுக்குத் தாவிவிடுவது. தமிழ் பேசுவது தவறு என்று நான் சொல்லவில்லை, தமிழ் நிகழ்ச்சி நடத்திப் பிழைப்பவள் அப்படிச் சொல்வேனா? ஆனால் பேச்சின் நடுவே பக்கத்தில் இருப்பவரின் பெயர் வருகிறது. உடனே ஒரு சிரிப்பு வருகிறது. பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அதோடு, தோட்டத்துக் கடையில் வளர்ந்த சீனர்கள் சிலர் நம் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் காதோடு காதாக முடிப்பதுதான் நாகரிகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலியல் தொல்லையை "வெளியே தெரியாமல் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று மூடுவது நாகரிகமே அல்ல. திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல், அது பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்று முதலாளிகளுக்குச் சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று இரவே அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: "அண்ணே, ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க." இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 'பேசியிருந்தா' என்ன 'பேசியிருந்தா'? பேசினேன் அல்லவா!

ஒரு வாரம் கழித்து, கேண்டீனில் அவர் தனியாகத் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன். நான் சொன்னதை அதே வார்த்தைகளில் சொல்லி, தப்பு என்றேன். அவர் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொன்னது கூடப் பரவால்ல மேடம். நான் வேலை கத்துக்கொடுத்த பையன்கள் மூணு பேரும் கேட்டாங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேர் முன்னால் கீழே போட்டதைக் கேண்டீன் மூலையில் எடுத்துக் கொடுத்தால் எப்படி? அடுத்த நிகழ்ச்சிக்கு முந்தைய கூட்டத்தில், கேமராக்காரர்கள், ஒலிப்பதிவாளர், இயக்குநர் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். குரல் நடுங்கியது. நேரலையில்கூட அப்படி நடுங்கியதில்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் அன்றைய அட்டைகளை என்னிடம் நீட்டி, "வரிசை பாத்துக்குங்க" என்றார்.

ஈராண்டு கழித்து அவர் பணி ஓய்வு பெற்றார். அதுவரை கேண்டீனில் பார்த்தால் 'தங்கச்சி' என்பார். அரங்குக்குள் வந்துவிட்டால் கடைசிவரை 'மேடம்'தான்.