வேலை நின்ற பிறகு முதல் மூன்று மாதம்



போன வருடம் நம் கமிட்டித் தலைவர் ஒருவருக்கு வேலை நின்றது. கொழுந்து நிறுவையில் கிலோ கழிப்பது ஏன் என்று மடுவத்தில் நின்று கேட்டார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை. அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறோம்.

நாம் என்ன செய்தோம்? "இனி மலைக்குப் போக வேண்டியதில்லைதானே" என்று சங்க வேலை முழுவதையும் அவர் தலையில் வைத்தோம். சந்தா எடுக்க அவர், தொழில் காரியாலயத்துக்கு அவர், செத்த வீட்டுக்கு அவர், ராத்திரி பத்து மணிக்கு லயத்துச் சண்டை தீர்க்கவும் அவர். அவரும் மறுக்கவில்லை. பெரட்டு நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது, வாசலில் நின்று மற்றவர்கள் மலை ஏறுவதைப் பார்க்க முடியவில்லை, அதற்கு அலைவதே மேல் என்றார். பிரஷர் கிளினிக்குக்கு இரண்டு முறை போகவில்லை. மூன்றாவது மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ராத்திரியும் தூக்கமில்லை. எழுந்து பேசியவர் தேதிகளையே மாற்றிச் சொல்லிவிட்டார். எதிர்ப்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டது. அது அவர் பிழையல்ல, நம் பிழை.

வேலை நீக்கினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுப் போட வேண்டும். தொழிலாளிக்காகச் சங்கமும் போடலாம். அவசரம் அந்த ஒன்றுக்குத்தான். பிறகு தவணைக்கு மேல் தவணை, வருடக் கணக்கில் இழுக்கும். ஆயிரம் ரூபாய் 2021-இல் வர்த்தமானியில் வரும் வரை எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்! முதல் மூன்று மாதத்தில் ஆளை முறித்துவிட்டால் கடைசித் தவணைக்கு யார் போவது?

விசாரணைக்குப் பிறகுதான் உட்கார்ந்து பேசினோம். மனுவை ஐந்தாம் மாதம் போட்டோம். சந்தாக் கொப்பி வேறு கைக்குப் போனது. இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர் கதவைத் தட்டுவதில்லை. கிளினிக் நாளில் கூட்டமில்லை. கடிதங்களையும் சம்பளச் சிட்டைகளையும் ஒரே ஃபைலில் தேதிப்படி அடுக்கினோம். வாத்தியார் வேலை அதற்காவது உதவியது. காலையில் அவர் வீட்டுத் தோட்டத்தில் கரட்டும் லீக்ஸும் போடுகிறார். சும்மா இருக்கிறார் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும்.

இத்தோடு சரி என்றுதான் நினைத்தோம். மாதர் சங்கத் தலைவி எழுந்து, "அவருக்கு ஓய்வு கொடுத்தீர்கள், அவர் சம்சாரத்துக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மா ஒருத்தியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஞாயிறும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தார். பீலித் தண்ணீர், விறகு, பிள்ளைகள் எல்லாம் அவர்தான். அதன் பிறகுதான் அரிசியும் மாவும் வீட்டுக்கு வீடு சேர்த்தோம். தண்ணீரும் விறகும் இப்போது தலைவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை அம்மா மலைக்குப் போவதில்லை.

அடுத்த தவணை வரும் மாதம். அவரைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்ப முடியாது. இரண்டு பேர் ஒரு நாள் பேரை விட்டுக் கூடப் போக வேண்டும். யார் வருகிறீர்கள், இப்போதே கை தூக்குங்கள்.